டன்ஸ்டர் கோட்டையில் எது பழையது, எது புதியது?

கேள்வி இதுதான்: “இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் உள்ள டன்ஸ்டர் கோட்டைக்குப் போயிருந்தோம். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக் கோட்டை என்றார்கள். உள்ளே போனால் நூலகம், பில்லியர்ட்ஸ் அறை, செதுக்கிய மரப் படிக்கட்டு. வெளியே தெரியும் பெரிய கோபுரங்கள் 150 ஆண்டுக்கு முன்னால் கட்டப்பட்டவையாம். அப்படியானால் இது உண்மையான கோட்டையா, இல்லை பணக்காரக் குடும்பம் ஒன்று ஆசைக்குக் கட்டிக்கொண்ட வீடா? அரைநாள்தான் இருக்கிறது என்றால் எதைப் பார்க்க வேண்டும்?”

உண்மையான கோட்டைதான். ஆனால் தூரத்திலிருந்து பார்த்து எதைக் கோட்டை என்று நினைத்தீர்களோ அது மிகப் புதியது. பேசிக்கொண்டே கடந்துபோன அந்த வாயில்தான் மிகப் பழையது. நடுவில் இருப்பவை மூன்று நான்கு தலைமுறைகள் வெவ்வேறு தேவைக்காகக் கட்டியவை. யாருக்கு எப்போது என்ன தேவைப்பட்டது, அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அந்தக் கட்டடம் முழுவதும் புரிந்துவிடும்.

முதலில் இடம். எக்ஸ்மூர் மேட்டுநிலம் பிரிஸ்டல் கடற்கால் என்ற கடல்பகுதியை நோக்கி இறங்கும் ஓரத்தில், செங்குத்தாக எழும் ஒரு தனிக்குன்று. இன்று கடல் விலகிப் போய்விட்டது; இடைக்காலத்தில் அது குன்றுக்கு இன்னும் அருகில் இருந்தது, டன்ஸ்டருக்கு ஒரு சிறு துறைமுகமும் இருந்தது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பின் இந்தப் பகுதி வில்லியம் டி மோஹூன் என்பவருக்குக் கிடைத்தது. குன்றின் உச்சியை வெட்டிச் சமன்படுத்தி அவர் கட்டிய கோட்டை, 1086இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கெடுப்பில் பதிவாகியிருக்கிறது. ஆயிரம் ஆண்டு என்று சொல்வதற்கு இதுதான் ஆதாரம். அந்தப் பதிவைத் தவிர அக்காலத்தின் கண்ணுக்குத் தெரியும் மிச்சம் குன்றின் வடிவம் மட்டுமே. அடுத்த நூற்றாண்டில் உச்சியில் கல் கோட்டை எழுந்தது. ஸ்டீபன் மன்னருக்கும் மட்டில்டாவுக்கும் நடந்த அரியணைப் போரில், மட்டில்டா பக்கம் நின்ற மோஹூன்களின் இந்தக் குன்றை மன்னரின் படையால் பிடிக்க முடியவில்லை.

13ஆம் நூற்றாண்டில் ரெஜினால்ட் டி மோஹூன் உச்சிக்குக் கீழே இருந்த தளத்தைச் சுற்றிக் கல் மதிலும் கோபுரங்களும் எழுப்பினார். அவர் காலத்து நுழைவாயில் இன்றும் நிற்கிறது. இரண்டு பக்கமும் அரைவட்டக் கோபுரங்களின் அடிப்பகுதி, நடுவில் இரும்புப் பட்டை அடித்த கனமான ஓக் கதவுகள். உங்கள் கேள்விக்கு ஒரே ஒரு கல்லைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டுமென்றால் இந்த வாயிலைத்தான் காட்டுவேன்.

இந்தக் கோட்டையின் போக்கை மாற்றிய நாள் ஒரு போரில் வரவில்லை. ஒரு கிரயப் பத்திரத்தில் வந்தது. 14ஆம் நூற்றாண்டின் மோஹூன் வாரிசான ஜான், கார்ட்டர் வீரர் குழு என்ற மன்னரின் உயர் கௌரவக் குழு தொடங்கப்பட்டபோது அதன் முதல் உறுப்பினர்களில் ஒருவர். புகழ் இருந்தது, கடனும் இருந்தது, மூன்று மகள்கள் இருந்தார்கள், மகன் இல்லை. அவர் மனைவி ஜோன், அரசவையில் செல்வாக்கு மிகுந்தவர். சொத்தை விற்கும் அதிகாரம் தம் கைக்கு வரும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டார். கணவர் மறைந்ததும் 1376இல் டன்ஸ்டரையும் அதைச் சேர்ந்த நிலங்களையும் எலிசபெத் லட்ரெல் என்ற பெண்மணிக்கு 5,000 மார்க்குக்கு, அதாவது 3,333 பவுண்டுக்குச் சற்று மேல், விற்றார். இதில் ஒரு நிபந்தனை: ஜோன் உயிரோடு இருக்கும்வரை சொத்து அவர் அனுபவத்திலேயே இருக்கும். பணத்தைக் கொடுத்த எலிசபெத் காத்திருந்தார். 1395இல் அவர் இறந்துவிட்டார். ஜோன் 1404வரை வாழ்ந்தார். வாங்கியவர் தாம் வாங்கிய கோட்டையில் ஒரு நாள்கூட உரிமையோடு குடியிருக்கவில்லை.

எலிசபெத்தின் மகன் ஹியூ லட்ரெல் வந்து கேட்டபோது ஜோனின் வாரிசுகள் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் யார்க் பிரபுவின் மனைவி. பெரிய இடத்துப் பகை. ஆனாலும் ஹியூ வென்றார். அவர் ஐந்தாம் ஹென்றி மன்னரின் பிரெஞ்சுப் போர்களில் பணியாற்றியவர். 1420 அளவில் பழைய வாயிலுக்குச் செங்கோணத்தில் உயரமான வாயில் மாளிகை ஒன்றைக் கட்டினார். நீங்கள் நுழையும்போது தலைக்கு மேலே எழுந்து நிற்கும் அந்தக் கட்டடம் அதுதான். உரிமை உறுதியான கையோடு ஒரு குடும்பம் செய்யும் முதல் வேலை, ஊர் பார்க்க வாசலை உயர்த்துவது. அந்த வாயில் மாளிகையில் காவல் தேவையைவிட இந்த அறிவிப்புதான் அதிகம் தெரிகிறது என்பது என் கருத்து. அன்று முதல் 1976வரை, இடையில் ரோஜாப் போர்கள் எனப்படும் 15ஆம் நூற்றாண்டு அரியணைப் போர்களில் தோற்ற தரப்பில் நின்று இழந்து 1485இல் திரும்பப் பெற்ற காலத்தைத் தவிர, டன்ஸ்டர் என்றால் லட்ரெல்கள்தான்.

பதினாறாம் நூற்றாண்டில் கோட்டையின் மேல்பகுதி பாழடைந்துகொண்டிருந்தது. அங்கே வாழ வசதியில்லை. பீரங்கி வந்த பிறகு உயரமான மதிலுக்கும் பழைய மதிப்பு இல்லை. கீழே ஊரில் கம்பளித் துணி வியாபாரம் செழித்திருந்தது. டன்ஸ்டரின் பெயரிலேயே ஒரு துணி வகை விற்றது. இந்தச் சூழ்நிலையில்தான் ஜார்ஜ் லட்ரெல் வருகிறார். ஊரின் நடுவே எண்கோண வடிவில் நிற்கும் நூல் சந்தை மண்டபம் அவர் காலத்துக் கட்டடம். கடைத்தெருவை எழுப்பியவர் குடியிருப்பையும் சும்மா விடவில்லை.

1617இல் வில்லியம் ஆர்னல்டு என்ற கட்டடக் கலைஞரை அவர் அமர்த்தினார். ஆக்ஸ்போர்டின் வாடம் (Wadham) கல்லூரியைக் கட்டியவர் அவர்; இதே சாமர்செட்டில் உள்ள மாண்டக்யூட் மாளிகையும் அவர் கைவண்ணம் என்று கருதப்படுகிறது. கீழ்த் தளத்தின் பழைய மதிலையே பின்சுவராக வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் ஒரு புதிய வீடு எழுப்புவது திட்டம். முகப்பு இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும், சன்னல்கள் பெரிதாக இருக்க வேண்டும், கூரையின் உட்புறத்தில் சுண்ணச்சாந்து வேலைப்பாடு வேண்டும். எதிரியை நினைத்துக் கட்டுபவர் பெரிய சன்னல் வைக்க மாட்டார். இனி எதிரி வரப்போவதில்லை, விருந்தாளிதான் வருவார் என்ற நம்பிக்கையில் கட்டிய வீடு அது. ஒப்பந்தத் தொகை 462 பவுண்டு. முடிவில் 1,200 பவுண்டைத் தாண்டியது. உரிமையாளருக்கும் கலைஞருக்கும் தகராறு முற்றி விவகாரம் வழக்குவரை போனது. கோட்டையை வீடாக்கிய அந்தத் துல்லியமான தருணம் இதுதான் என்பதால், வரவு செலவுத் தகராறு உட்பட இதில் ஒவ்வொரு விவரமும் எனக்குப் பிடித்தமானது.

ஆனால் எதிரி வந்தார், கால் நூற்றாண்டுக்குள். 1642இல் மன்னருக்கும் பார்லிமென்டுக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. தாமஸ் லட்ரெல் பார்லிமென்ட் பக்கம். முதல் தாக்குதலைத் தடுத்தார். 1643இல் மன்னர் தரப்பிடம் கோட்டையை ஒப்படைக்க நேர்ந்தது. பிரான்சிஸ் விண்டம் என்ற அரச தரப்புத் தளபதி உள்ளே அமர்ந்தார். பின்னாளில் இரண்டாம் சார்லஸ் மன்னரான இளவரசர், பதினைந்து வயதை எட்டவிருந்த நிலையில், 1645 மே மாதம் இங்கே தங்கினார். அவர் பெயரால் ஓர் அறையை இன்றும் காட்டுகிறார்கள். அதே ஆண்டு நவம்பரில் ராபர்ட் பிளேக் முற்றுகையிட்டார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பெரும் கடற்படைத் தளபதியாகப் பெயர் பெற்ற அதே பிளேக்தான். பீரங்கிகளை ஊரிலிருந்து குறிவைத்தார், மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டினார். சுமார் 160 நாள் கோட்டை தாக்குப்பிடித்தது. சுற்றுவட்டாரத்தில் மன்னர் தரப்பு எல்லாம் வீழ்ந்த பிறகு 1646 ஏப்ரலில் விண்டம் கௌரவமான நிபந்தனைகளோடு சரணடைந்தார். விருந்தாளிகளுக்காகக் கட்டிய வீட்டைச் சுற்றி நின்ற பழைய மதில்கள் கடைசி முறையாகத் தங்கள் வேலையைச் செய்து முடித்தன.

அதற்கான தண்டனையும் மதில்களுக்குத்தான் கிடைத்தது. அரச தரப்பு மீண்டும் எழுந்துவிடக் கூடாது என்ற அச்சத்தில், கோட்டைகளைப் போருக்குப் பயன்படாதபடி இடித்துவிடுவது பார்லிமென்டின் கொள்கை. டன்ஸ்டருக்கு அந்த உத்தரவு 1650இல் வந்தது. உச்சியில் இருந்த இடைக்காலக் கட்டடங்களும் கீழ்த் தள மதில்களும் தரைமட்டமாயின. ஹியூவின் வாயில் மாளிகையும் பழைய நுழைவாயிலும் ஜார்ஜின் வீடும் விட்டுவைக்கப்பட்டன.

இந்த இடத்தில் மற்றக் கோட்டைகளை நினைத்துப் பாருங்கள். டார்செட்டில் உள்ள கார்ஃப் கோட்டையை 1646இல் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். அதன் உரிமையாளர்களான பேங்க்ஸ் குடும்பம் திரும்பி அங்கே போகவில்லை. கிங்ஸ்டன் லேசி என்ற வேறோர் இடத்தில் புதிய மாளிகை கட்டிக்கொண்டது. கார்ஃப் இன்று இடிபாடு. வில்ட்ஷயரின் வார்டர் கோட்டையும் அதே போரில் உடைந்தது. அடுத்த நூற்றாண்டில் குடும்பம் சற்றுத் தள்ளி ஒரு புதிய வீட்டைக் கட்டி, பழையதைத் தோட்டத்து அலங்காரமாக விட்டுவைத்தது. சாதாரணமாக நடப்பது இதுதான்: கோட்டை ஓரிடம், வீடு வேறிடம். டன்ஸ்டரில் வீடு ஏற்கெனவே கோட்டைக்குள் புகுந்துவிட்டிருந்தது. அதனால் போர்க்கருவியை மட்டும் உடைத்து, குடியிருப்பை விட முடிந்தது. குடும்பம் முதலில் பார்லிமென்ட் பக்கம் நின்றதும் உதவியிருக்க வேண்டும். 1617இல் ஜார்ஜ் செலவழித்த அந்தக் கூடுதல் பணம்தான் இடத்தைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன்.

இடிப்பு நடந்த அதே காலத்தில் இங்கே ஒரு கைதி இருந்தார்: வில்லியம் பிரின். மன்னரை எதிர்த்து எழுதியதற்காக முன்பு காது அறுக்கப்பட்டவர்; இப்போது பார்லிமென்டையும் எதிர்த்துச் சிறைப்பட்டவர். சும்மா இருக்க முடியாத அந்த மனிதர், குடும்பத்தின் பழைய ஆவணங்களை எடுத்துப் படித்து வகைப்படுத்திப் பட்டியல் போட்டார். டன்ஸ்டரின் இடைக்கால வரலாறு இத்தனை விவரமாகத் தெரிகிறதென்றால், அந்த ஆவணங்கள் சிதறாமல் இருந்ததற்கு பிரினுக்கு ஒரு பங்கு நன்றி உண்டு.

போர் முடிந்து ஒரு தலைமுறை கழித்து மீண்டும் பணம் வந்தது, மறுபடி ஒரு பெண் வழியாக. கர்னல் பிரான்சிஸ் லட்ரெல் 1680இல் மேரி டிரெகன்வெல் என்ற செல்வந்தர் வீட்டு வாரிசை மணந்தார். சாப்பாட்டறையின் சுண்ணச்சாந்து விதானத்தில் 1681 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. பூவும் இலையும் கொடியும் பறவையும் தொங்கவிட்டதுபோல் துருத்தி நிற்கும் அந்த வேலைப்பாட்டை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தாலும் பரவாயில்லை. அதைவிட முக்கியம் பெரிய படிக்கட்டு. அதன் கைப்பிடிக்குக் கீழே கம்பிகள் கிடையாது; எல்ம் மரப் பலகைகளை ஊடுருவிச் செதுக்கி, சுருண்டோடும் இலைகளுக்கு நடுவே வேட்டை நாய்களும் மானும் ஓடுகின்றன. ஒரு பலகையில் ஒரு நாணயக் குவியல். அவை 1683, 1684ஆம் ஆண்டுகளின் இரண்டாம் சார்லஸ் வெள்ளி ஷில்லிங்குகள். தச்சர் நாணயத்தின் முகத்தையே செதுக்கிவிட்டதால் படிக்கட்டின் வயது நமக்குத் தெரிகிறது. மேரியின் பணத்தில் கட்டிய படிக்கட்டில் பணத்தையே செதுக்கிவைத்த அந்தச் சிற்பியின் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். பிரான்சிஸ் 1690இல் கடனோடு இறந்தார்.

பதினெட்டாம் நூற்றாண்டை விரைவாகக் கடந்துவிடலாம். விதவையான டாரத்தி லட்ரெல், இடிக்கப்பட்ட மேல்கோட்டையின் இடத்தைச் சமன்செய்து பந்து உருட்டி விளையாடும் புல்தரையாக்கினார். குன்றைச் சுற்றி ஏறும் புதிய பாதையை அமைத்தார். ஒரு வழிபாட்டுச் சிற்றாலயத்தையும் சேர்த்தார். 1747இல் வாரிசான மார்கரெட், ஹென்றி ஃபவுன்ஸ் என்பவரை மணந்தபோது அவர் லட்ரெல் பெயரையும் சேர்த்துக்கொண்டார். எதிர்க் குன்றின்மேல் மரங்களுக்கு நடுவே தெரியும் கோனிகர் கோபுரம் 1775இல் அவர் காட்சிக்காகக் கட்டியது. அதற்குள் தளமோ அறையோ இல்லை. பலர் அதையும் பழைய காவல் கோபுரம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இனி உங்கள் ஐயத்துக்குக் காரணமான பகுதி. 1867இல் ஜார்ஜ் ஃபவுன்ஸ் லட்ரெல் 15,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தோடு சொத்துக்கு வந்தார். ஆண்டு வருமானம் சுமார் 22,000 பவுண்டு. அடுத்த ஆண்டே அந்தோணி சால்வினை அழைத்தார். ஆனிக், வாரிக், லண்டன் டவர் எனக் கோட்டைகளில் வேலை செய்தே பெயர் வாங்கிய கட்டடக் கலைஞர் அவர். 1872இல் வேலை முடிந்தபோது செலவு 25,000 பவுண்டுக்குச் சற்று மேல். ஓராண்டு வருமானத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

சால்வின் செய்ததைக் கவனமாகப் பாருங்கள். 1617இல் ஆர்னல்டு அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த இடவல ஒப்புமையை அவர் வேண்டுமென்றே குலைத்தார். ஒரு பக்கம் பெரிய சதுரக் கோபுரம், மறுபக்கம் சிறியது. சன்னல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நூற்றாண்டுப் பாணியில். உச்சியெங்கும் ஞாயில்கள், அதாவது வில்லாளிகள் மறைந்து நின்று எய்வதற்காக அந்நாளில் மதில் உச்சியில் விட்ட பல்வரிசை. வீட்டைக் காக்க வில்லாளிகள் யாரும் இல்லாத காலத்தில் இத்தனை ஞாயில். போர் அச்சம் உண்மையாக இருந்த நாளில் அதை மறக்க விரும்பினார்கள்; அச்சம் முற்றாக அகன்ற பிறகு அதன் உருவத்தை விரும்பினார்கள்.

இதைப் போலி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. சால்வின் ஒரு குறிப்பிட்ட நூற்றாண்டின் கோட்டையை நகலெடுக்கவில்லை. பல தலைமுறையாக வளர்ந்த கட்டடம் எப்படி இருக்குமோ அப்படி ஓர் உருவத்தை, உண்மையிலேயே பல தலைமுறையாக வளர்ந்த கட்டடத்துக்குக் கொடுத்தார். உள்ளே ஆர்னல்டின் சுவர்களையும் மேரி காலத்துப் படிக்கட்டையும் விதானத்தையும் காத்துவைத்தார். கோபுர உருவத்துக்குப் பின்னால் அவர் வைத்தவை அத்தனையும் அன்றைய நவீனம்: காஸ் விளக்கு, மைய வெப்பமூட்டல், புதிய சமையலறைகள், வேலையாட்களுக்கான தனிப் பகுதி, நூலகம், பில்லியர்ட்ஸ் அறை. டாரத்தியின் சிற்றாலயத்தை இடித்தது மட்டும் எனக்கு உண்மையான வருத்தம். அதில் லண்டன் புனித பால் தேவாலயக் குவிமாடத்தைத் தீட்டிய ஜேம்ஸ் தார்ன்ஹில்லின் கைவேலை இருந்தது. அதைத் திரும்பப் பெற வழியில்லை.

கடைசியில் இந்தக் குடும்பத்தைக் குன்றிலிருந்து இறக்கியது படையல்ல, வாரிசு வரி. 1944இல் ஒரு மரணம், அதற்கான வரி. 1949இல் கோட்டையையும் நிலத்தையும் விற்க வேண்டியதாயிற்று. குடும்பம் வாடகைக்கு இருந்தது. 1954இல் கோட்டையை மட்டும் திரும்ப வாங்கினார்கள். 1976இல் வால்டர் லட்ரெல் அதை நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்கு அளித்தார். எலிசபெத் லட்ரெல் 5,000 மார்க் எண்ணிக் கொடுத்துச் சரியாக 600 ஆண்டுகள்.

அரைநாள் இருந்தால் இப்படிப் போங்கள். முதலில் கோட்டைக்கு ஏறாமல் ஊரின் நூல் சந்தை மண்டபத்துக்குப் போங்கள். அதன் உத்தரம் ஒன்றில் முற்றுகைக்காலப் பீரங்கிக் குண்டு துளைத்த ஓட்டையைக் காட்டுவார்கள். அங்கிருந்து நடந்து ஏறினால் ஹியூவின் வாயில் மாளிகை, அதையடுத்து மோஹூன் வாயில். இங்கே நின்று கதவைத் தொட்டுப் பாருங்கள். வீட்டுக்குள் போனதும் படிக்கட்டுக்கும் சாப்பாட்டறை விதானத்துக்கும் நேரம் கொடுங்கள். அரைநிர்வாணமாகப் புயற்கடலில் இடுப்பளவு நீரில் நடந்துவரும் ஜான் லட்ரெலின் விசித்திரமான ஓவியத்தையும் தவறவிடாதீர்கள். ஹான்ஸ் இவர்த் 1550இல் வரைந்த மூலம் லண்டன் கோர்ட்டால்டு காட்சிக்கூடத்தில் இருக்கிறது; இங்கிருப்பது ஜார்ஜ் காலத்தில், 1591இல் எடுத்த பிரதி. ஸ்காட்லாந்துப் போரில் பணியாற்றிய ஒருவரின் அந்தப் படத்தைக் குடும்பத்தின் பிந்தைய தலைமுறைகள் சுவரில் மாட்டியே வைத்திருந்தன. தோலில் தீட்டிய ஆண்டனி, கிளியோபாட்ரா கதைத் திரைகள் வேறோர் அறையில் உண்டு. அவை 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

வெளியே வந்து உச்சிப் புல்தரைக்கும் ஏறுங்கள். மோஹூன்களின் முதல் கோட்டை அங்கேதான் இருந்தது. கூட்டம் பெரும்பாலும் வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதால் அங்கே கடற்காலைப் பார்த்துக்கொண்டு நிதானமாக உட்காரலாம். வெயில் நன்றாக இருந்தால் தென்புறச் சரிவில் இறங்கும் தோட்டப் பாதையில் போங்கள். குளிர்நாட்டில் எதிர்பாராத வெப்பநிலச் செடிகள் அங்கே வளர்கின்றன. கீழே ஆற்றங்கரையில் நீர்விசை மாவு மில்லும் இருக்கிறது, அதையும் சேர்த்தே அரைநாள் போதும்.